பேட்டன்ட் முடிந்து மூன்று வருடம் ஆயிற்று, ஜெனரிக் எங்கே?

கடைக்குட்டி:

அப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு, ஆஸ்துமாவும் உண்டு. சர்க்கரைக்கு அவர் போடும் ஒரு மாத்திரைக்கு பேட்டன்ட் முடிந்ததாகச் செய்தி வந்தது. அடுத்த வாரமே அதே மருந்து ஜெனரிக்காக, வேறு வேறு கம்பெனிகளின் ஏழெட்டுப் பெயர்களில் வந்து குவிந்துவிட்டது, விலையும் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்தத் தெம்பில் அவருடைய இன்ஹேலருக்கும் காத்திருந்தேன். அதிலுள்ள மருந்தின் பேட்டன்ட் எப்போது முடிகிறது என்று நானே தேடிப் படித்து, காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன். வட்டம் போட்ட தேதி போய் மூன்று வருடம் ஆகிறது. அதே டப்பா, அதே பெயர், நடுவில் ஒருமுறை விலை ஏறியதுதான் மிச்சம். டாக்டரைக் கேட்டால் "வரும், வரும்" என்கிறார்.

பேட்டன்ட் என்றால் 20 வருடம், அது முடிந்த மறுநாள் யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இதில் எங்கே தப்பு? மாத்திரைக்கு ஒரு நியாயம், இன்ஹேலருக்கு ஒரு நியாயமா? உள்ளே இருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சுருக்கென்று:

பணம் சார், வேறென்ன. பெரிய கம்பெனி சின்ன கம்பெனியைக் கூப்பிட்டு "இந்தா, இதை வைத்துக்கொண்டு சும்மா இரு" என்று கொடுத்துவிடும். கதை முடிந்தது.

ஃபைல்தூக்கி:

சுருக்கென்று சொன்னதும் நடந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் இன்ஹேலர் விஷயத்தில் முதல் சந்தேகம் அங்கே போகக் கூடாது. நான் ஜெனரிக் மருந்துகளுக்கு அனுமதி கேட்டு ஃபைல் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

20 வருடம் என்பது சரிதான், ஆனால் அது விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து எண்ணுவது, மருந்து விற்பனைக்கு வந்த நாளிலிருந்து இல்லை. மூலக்கூறு லேபில் உருவானதுமே ஓடிப்போய் விண்ணப்பம் போட்டுவிடுவார்கள். அதன்பிறகு விலங்குச் சோதனை, மனிதர்களிடம் மூன்று கட்டச் சோதனை, அனுமதி என்று பத்து வருடம் சாதாரணமாகப் போய்விடும். அப்படித் தொலைந்த காலத்தில் ஒரு பகுதியைச் சில நாடுகள் திருப்பித் தருகின்றன. அமெரிக்காவில் அதிகபட்சம் 5 வருடம், அதுவும் அனுமதி கிடைத்த நாளிலிருந்து 14 வருடத்தைத் தாண்டக் கூடாது. ஐரோப்பாவிலும் 5 வருடம் வரை தனிச் சான்றிதழ் உண்டு. இந்தியாவில் இந்த நீட்டிப்பே கிடையாது. ஆக, ஒரே மருந்துக்கு நாட்டுக்கு நாடு தேதி வேறு. நீங்கள் வட்டம் போட்ட தேதி எந்த நாட்டுடையது என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று, ஒரு மருந்துக்கு ஒரு பேட்டன்ட் என்று இருக்கவே இருக்காது. மூலக்கூறுக்கு ஒன்று, அதன் உப்புக்கு ஒன்று, படிக வடிவத்துக்கு ஒன்று, மாத்திரை மெதுவாகக் கரைவதற்கான பூச்சுக்கு ஒன்று, இந்த நோய்க்கு இந்த அளவில் கொடுப்பது என்பதற்கு ஒன்று என்று வரிசையாகப் போடுவார்கள். செய்தியில் "பேட்டன்ட் முடிந்தது" என்று வந்தால் பெரும்பாலும் அது மூலக்கூறுடையது. மாத்திரை என்றால் மற்றதையெல்லாம் சுற்றிக்கொண்டு போய்விடலாம், வேறு உப்பு, வேறு படிகம், வேறு பூச்சு என்று வழி கண்டுபிடிப்பதுதான் ஜெனரிக் கம்பெனி விஞ்ஞானிகளின் முழுநேர வேலையே. இன்ஹேலரில் அது முடியாது. ஏனென்றால் அங்கே மருந்தோடு ஒரு கருவியும் சேர்ந்திருக்கிறது, கருவிக்குத் தனியாக பேட்டன்ட் இருக்கிறது.

அட்வேர் டிஸ்கஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், ஃப்ளூட்டிகசோனும் சால்மெட்ராலும் சேர்ந்த பவுடர் இன்ஹேலர். அமெரிக்காவில் அந்த மருந்துக் கலவையின் பேட்டன்ட் 2010இல் போயிற்று. கருவியின் பேட்டன்ட் 2016இல் போயிற்று. முதல் ஜெனரிக்குக்கு எஃப்டிஏ, அதாவது மருந்துக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பு, அனுமதி கொடுத்தது 2019 ஜனவரியில். எண்ணிப் பாருங்கள், ஒன்பது வருடம். அதில் கடைசி மூன்று வருடம் பேட்டன்ட்டால் போனதில்லை, சோதனையால் போனது. மாத்திரைக்கு இருபது முப்பது ஆரோக்கியமான ஆட்களைக் கூட்டி, ஒரிஜினலையும் நம்முடையதையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, மணிக்கொருமுறை ரத்தம் எடுத்து, இரண்டும் ஒரே மாதிரி ஏறி இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். இன்ஹேலர் மருந்து வேலை செய்யும் இடம் நுரையீரல், அது ரத்தத்துக்கு வருவது வேலை முடிந்த பிறகு. அதனால் ரத்தத்தை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. துகள் எத்தனை மைக்ரான், ஒவ்வொரு இழுப்பிலும் ஒரே அளவு வருகிறதா என்பதில் ஆரம்பித்து, நிஜமான ஆஸ்துமாக்காரர்களை வைத்துச் சோதனை வரை போக வேண்டும். நான் சொன்ன அந்த 2019 அனுமதியே, 2017இல் ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பத்துக்குக் கிடைத்ததுதான்.

நாலாம்வாய்தா:

மேலே ஃபைல்தூக்கி சொன்னதற்கு வக்கீல் பக்கத்திலிருந்து ஒரு வால்.

"முடிந்த மறுநாள்" என்பது இரண்டு பக்கமும் தப்பு. பல மருந்துகளுக்கு ஜெனரிக் கடைசி பேட்டன்ட் முடிவதற்கு முன்பே வந்துவிடுகிறது. அமெரிக்க உதாரணம்தான் சொல்ல முடியும், ஏனென்றால் அங்கேதான் இந்தச் சண்டைக்கு விதிமுறை எழுதி, நடுவரை வைத்து, பரிசும் அறிவித்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு வேடிக்கை. 1984 வரை அங்கே பேட்டன்ட் இருக்கும்போது ஜெனரிக் கம்பெனி சோதனையைக்கூடத் தொடங்க முடியாது. போலார் என்ற கம்பெனி, ரோஷ் கம்பெனியின் தூக்க மாத்திரை ஒன்றுக்குச் சோதனையை முன்கூட்டி ஆரம்பித்ததற்கே கோர்ட்டில் தோற்றது. அந்த வருடமே ஹேட்ச்-வேக்ஸ்மன் சட்டம் வந்து அதைத் தலைகீழாக்கிவிட்டது. அனுமதிக்காக என்றால் பேட்டன்ட் இருக்கும்போதே தயாரித்துச் சோதிக்கலாம் என்று ஆயிற்று. தோற்றவன் பெயர்தான் இன்றைக்கும் நிற்கிறது, உலகம் முழுக்க இதற்கு "போலார் விலக்கு" என்றே பெயர். இந்தியச் சட்டத்தில் 107ஏ பிரிவு.

சரி, சண்டைக்கு வருவோம். ஒரிஜினல் கம்பெனி தன் மருந்துக்கான பேட்டன்ட்களை எஃப்டிஏவிடம் பட்டியல் கொடுக்கும், அதற்கு ஆரஞ்சு புக் என்று பெயர். ஜெனரிக் கம்பெனி "இந்த பேட்டன்ட் செல்லாது, அல்லது நான் அதை மீறவில்லை" என்று எழுதிக்கொடுத்து அனுமதி கேட்கலாம், தொழிலில் இதை பாரா 4 என்பார்கள். நோட்டீஸ் கிடைத்த 45 நாளுக்குள் ஒரிஜினல் கம்பெனி வழக்குப் போட்டால் போதும், அதன் வாதத்தில் வலு இருக்கிறதோ இல்லையோ, 30 மாதத்துக்கு அனுமதி தானாக நின்றுவிடும். முதலில் பாரா 4 போட்ட ஜெனரிக்குப் பரிசு, 180 நாள் பின்னால் பாரா 4 போட்ட எந்த ஜெனரிக்கும் உள்ளே வர முடியாது. அந்த ஆறு மாதத்தில்தான் பெரிய காசு. ஒரு காலத்தில் முதல் ஆளாக ஃபைல் கொடுக்க எஃப்டிஏ கட்டடத்துக்கு வெளியே ஆட்களை உட்காரவைத்துக் காத்திருந்தார்கள், சில தடவை மூன்று வாரத்துக்கும் மேல். சினிமா டிக்கெட் வரிசை தோற்றுவிடும். 2003இல் எஃப்டிஏவே சலித்துப்போய், முதல் நாளில் வருகிற எல்லோரும் முதல் ஆள்தான் என்று சொல்லிவிட்டது.

இன்னொரு ரகம் உண்டு, வழக்கு முடியும் முன்பே தைரியமாக மார்க்கெட்டில் இறக்கிவிடுவது. பிளாவிக்ஸ் என்ற இதய மருந்துக்கு 2006 ஆகஸ்டில் அபோடெக்ஸ் என்ற ஜெனரிக் கம்பெனி அப்படி இறக்கியது. மூன்று வாரத்தில் கோர்ட் தடை போட்டது, ஆனால் ஏற்கனவே அனுப்பிய சரக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லவில்லை. பல மாதங்களுக்குப் போதுமான மருந்து அதற்குள் வெளியே போய்விட்டது! கடைசியில் அபோடெக்ஸ் தோற்று 442 மில்லியன் டாலர் நஷ்டஈடு கட்டியது. சூதாட்டம்தான்.

சுருக்கென்று அவர்களுக்கு: நீங்கள் சொன்ன "இந்தா, சும்மா இரு" ஒப்பந்தம் கட்டுக்கதை இல்லை. 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆக்டாவிஸ் வழக்கில் இப்படிப் பட்டவற்றைப் போட்டிச் சட்டத்தின் கீழ் விசாரிக்கலாம் என்று சொன்னது. அதன்பிறகு ரொக்கமாகக் கொடுப்பது குறைந்து, வேறு உருவம் எடுத்தது. ரெவ்லிமிட் என்ற புற்றுநோய் மருந்தைப் பாருங்கள், 2022 மார்ச்சிலேயே ஜெனரிக் வந்துவிட்டது, ஆனால் சமரச ஒப்பந்தப்படி அளந்து அளந்துதான் விற்க வேண்டியிருந்தது, 2026 ஜனவரி இறுதிவரை அளவுக் கட்டுப்பாடு. பெயருக்கு ஜெனரிக் இருந்தது, விலை விழவில்லை.

சுருக்கென்று:

ஆக நான் சொன்னதுதான் சரி. நீங்கள் அதையே நானூறு வார்த்தையில் சொன்னீர்கள்.

கொதிகலன்:

சண்டை வேண்டாம். நான் தொழிற்சாலை ஆள், மாத்திரை ஏன் அடுத்த வாரமே வந்தது என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது.

ஒரு சர்க்கரை மருந்து பேட்டன்ட் முடிந்த ராத்திரி எங்கள் பிளான்ட்டில் நான் ஷிப்டில் இருந்தேன். அதற்கு இரண்டு வருடம் முன்பே எல்லாம் தயார். மூலப்பொருளுக்கு இரண்டு சப்ளையர், சோதனை பேட்ச் மூன்று போட்டு, ஸ்டெபிலிட்டி பார்த்து, அனுமதியும் வாங்கி வைத்தாயிற்று. ஆனால் விற்பனைக்காக ஒரு மாத்திரைகூட அந்தத் தேதிக்கு முன்னால் அடிக்கக் கூடாது என்று லீகல் டிபார்ட்மென்ட் கறாராகச் சொல்லியிருந்தது. போலார் விலக்கு அனுமதிக்கான சோதனைக்குத்தான், கிடங்கை நிரப்புவதற்கு இல்லை. (ஐரோப்பாவில் 2019 முதல், அந்தக் கூடுதல் சான்றிதழ் காலத்தின் கடைசி ஆறு மாதத்தில் ஸ்டாக் செய்து வைக்கலாம் என்று தளர்த்தியிருக்கிறார்கள்.) அதனால் நாங்கள் எட்டுப் பேர் பவுடரை எடை போட்டு வைத்துவிட்டு, கிரானுலேட்டர் பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பெயர் அச்சடித்த ஃபாயில் ரோல்கள் பூட்டிய அறையில், சாவி மேனேஜர் பையில். 12 மணி அடித்ததும் மெஷின் ஓடியது. விடியற்காலையில் முதல் மாத்திரை, பிறகு பூச்சு, டெஸ்டிங், பேக்கிங், ஐந்தாம் நாள் லாரி. எங்களைப் போல அந்த ராத்திரி இன்னும் எத்தனை பிளான்ட்டில் கடிகாரம் பார்த்தார்களோ. நீங்கள் பார்த்த ஏழெட்டுப் பெயர் அப்படி வந்ததுதான்.

விலைக்கு வருகிறேன். பேட்டன்ட் முடிவதால் விலை விழுவதில்லை, ஆள் கூடினால்தான் விழுகிறது. எஃப்டிஏ 2019இல் ஒரு கணக்குப் போட்டது. ஒரே ஒரு ஜெனரிக் இருந்தால் தயாரிப்பாளர் விலை ஒரிஜினலைவிட 39 சதவீதம் குறைவு, இரண்டு இருந்தால் 54, நான்கு இருந்தால் 79, ஆறும் அதற்கு மேலும் என்றால் 95 சதவீதத்துக்கும் மேல். லிபிடார் கொழுப்பு மருந்தில் இது கண்ணெதிரே நடந்தது. 2011 நவம்பர் 30இல் ரான்பாக்ஸி ஜெனரிக் வந்தது, அதே நாளில் ஒரிஜினல் கம்பெனியான ஃபைசரே வாட்சன் என்ற கம்பெனி மூலம் தன் மாத்திரையை ஜெனரிக்காக இறக்கிவிட்டது. அந்த 180 நாள் முழுக்க இரண்டே பேர், விலை மெதுவாகத்தான் இறங்கியது. அது முடிந்து மற்றவர்கள் உள்ளே வந்ததும் மளமளவென்று சரிந்தது.

இன்ஹேலருக்கு அந்த ஆறு பேர் எங்கிருந்து வருவார்கள்? வால்வும் கேனிஸ்டரும் செய்து தரும் கம்பெனிகளை உலகம் முழுக்க விரல் விட்டு எண்ணலாம். மாத்திரை அடிக்கும் மெஷினில் இன்று ஒரு மருந்து, நாளை இன்னொரு மருந்து அடிக்கலாம். இன்ஹேலர் லைன் தனி, அதை வைத்து வேறு எதுவும் செய்ய முடியாது. இத்தனையும் போட்டுவிட்டு மூன்று பேர் வந்தால் லாபம், ஆறு பேர் வந்தால் நஷ்டம் என்று தெரிந்தால் யார் முன்னால் போவார்? டாராப்ரிம் கதை தெரியுமா? 1950களின் மருந்து, பேட்டன்ட் எப்போதோ செத்துப்போனது, ஆனால் அமெரிக்காவில் விற்றது ஒரே ஆள். 2015இல் கம்பெனி கை மாறியதும் மாத்திரை 13.50 டாலரிலிருந்து 750 டாலருக்குப் போனது. தடுக்க எந்த பேட்டன்ட்டும் இல்லை, எதிரில் ஆளும் இல்லை. அங்கே ஜெனரிக் வர 2020 ஆயிற்று.

கடைக்குட்டி:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. கொதிகலன் அண்ணே, அந்த ராத்திரிக் கதையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், "அதான் மாத்திரை சூடாக இருந்ததோ" என்கிறார்.

இரண்டு கேள்வி. ஜெனரிக் மருந்து ஒரிஜினலைவிட 20 சதவீதம் குறைவாகவோ 25 சதவீதம் கூடுதலாகவோ இருக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது, உண்மையா? அப்புறம், இந்தக் கூடுதல் பேட்டன்ட்களை யாரும் எதிர்க்கவே முடியாதா, கம்பெனிக்காரன் மட்டும்தான் போக முடியுமா?

வெள்ளைக்கோட்டு:

முதல் கேள்விக்கு நான்.

அந்த 80 முதல் 125 வரை என்பது மாத்திரையில் உள்ள மருந்தின் அளவு இல்லை. நூறு மில்லிகிராம் என்று போட்டால் அது நூறைச் சுற்றித்தான் இருக்க வேண்டும், அதற்கு வேறு கறாரான வரம்பு இருக்கிறது. 80-125 என்பது சோதனையில் வரும் புள்ளியியல் வரம்பு. ஜெனரிக்கின் ரத்த அளவை ஒரிஜினலோடு வகுத்து, அந்த விகிதத்தின் 90 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான விகிதம் இங்கிருந்து இங்கே வரை இருக்கலாம் என்று கணக்கு சொல்லும் எல்லை) முழுவதும் இந்த வேலிக்குள் இருக்க வேண்டும். இடைவெளியின் இரண்டு முனையும் உள்ளே விழ வேண்டுமென்றால் நடுப்புள்ளி நூறுக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். எஃப்டிஏ தன்னிடம் வந்த சுமார் இரண்டாயிரம் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உடலில் சேரும் மொத்த அளவில் சராசரி வித்தியாசம் 3.5 சதவீதம் போலத்தான் வந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், தைராய்டு மாத்திரை, சில வலிப்பு மருந்துகள் மாதிரி கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் தொந்தரவு தரும் மருந்துகள் உண்டு, அவற்றில் மட்டும் கம்பெனி மாற்றும்போது டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

இன்ஹேலர் பற்றி எனக்கு ஒரு பழைய ஆதங்கம். சால்பியூட்டமால், நீல நிறப் பம்பு, 1969இல் வந்த மருந்து. மூலக்கூறு பேட்டன்ட் போய் எத்தனையோ காலம். அமெரிக்காவில் மலிவான ஜெனரிக் பம்புகள் தாராளமாக இருந்தன. அப்போது அதைத் தள்ளும் வாயு சிஎஃப்சி. ஓசோன் ஒப்பந்தத்தால் அதை நிறுத்த வேண்டி வந்து, 2008 இறுதியோடு சிஎஃப்சி பம்புகள் அங்கே விற்பனையிலிருந்து போயின. புது வாயு எச்எஃப்ஏ. புது வாயுவுக்கான தயாரிப்பு முறைக்கும் கருவிக்கும் புது பேட்டன்ட். அத்தனை ஜெனரிக்கும் ஒரே நாளில் காணாமல் போய், நாற்பது வருடப் பழைய மருந்து மறுபடி பிராண்ட் மருந்து ஆயிற்று. எச்எஃப்ஏ பம்புக்கு எஃப்டிஏ அனுமதித்த முதல் ஜெனரிக் 2020இல்தான் வந்தது. ஓசோனைக் காப்பாற்றியது நல்ல காரியம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நோயாளியின் பாக்கெட்டிலும் ஓட்டை விழுந்தது.

நாலாம்வாய்தா:

இரண்டாம் கேள்வி. போகலாம், யார் வேண்டுமானாலும் போகலாம், குறைந்தபட்சம் இந்தியாவில். அங்கே பேட்டன்ட் கொடுப்பதற்கு முன்பே "கொடுக்காதே" என்று எந்த மனிதரும் மனு போடலாம். பெடாகுயிலின் என்ற காசநோய் மருந்தின் மூலக்கூறு பேட்டன்ட் 2023 ஜூலையில் முடிந்தது. அதன் ஒரு உப்பு வடிவத்துக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் தனி பேட்டன்ட் கேட்டிருந்தது, கிடைத்திருந்தால் 2027 வரை இழுத்திருக்கும். எதிர்த்து மனு போட்டவர்கள் நந்திதா வெங்கடேசன், புமேசா டிசிலே என்ற இரண்டு பெண்கள், ஒருவர் இந்தியா, ஒருவர் தென்னாப்பிரிக்கா. இரண்டு பேரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள், பழைய மருந்துகளின் பக்கவிளைவால் இரண்டு பேருக்குமே காது கேட்காமல் போனது. 2023 மார்ச்சில் பேட்டன்ட் அலுவலகம் ஜான்சன் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. எனக்கு இந்தத் துறையில் மனசுக்குப் பிடித்த வழக்கு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பழைய மருந்தின் புது வடிவம் என்றால் நோய் குணமாவதில் உண்மையான முன்னேற்றம் காட்டு, இல்லாவிட்டால் பேட்டன்ட் கிடையாது என்கிறது இந்திய பேட்டன்ட் சட்டத்தின் 3(டி) பிரிவு. 2013 ஏப்ரல் 1இல் கிளிவெக் புற்றுநோய் மருந்தின் படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட பேட்டன்ட்டை உச்ச நீதிமன்றம் மறுத்ததும் இதை வைத்துத்தான். எதிர்ப்பக்கத்தில் ஹியூமிராவைப் பாருங்கள். ஊசி மருந்து, அமெரிக்காவில் முக்கிய பேட்டன்ட் 2016இல் முடிந்தது, ஆனால் அதைச் சுற்றி நூறுக்கும் மேற்பட்ட பேட்டன்ட் வேலி. ஐரோப்பாவில் 2018 அக்டோபரிலேயே மாற்று மருந்துகள் வந்துவிட்டன, அமெரிக்கா 2023 ஜனவரி வரை காத்திருந்தது.

உங்கள் இன்ஹேலருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்று. 2024 டிசம்பரில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் டேவா-அம்னீல் வழக்கில், மருந்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் கருவியை மட்டும் பற்றிய பேட்டன்ட்களை ஆரஞ்சு புக் பட்டியலில் வைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்தப் பேட்டன்ட்கள் செல்லாது என்று இல்லை, ஆனால் நான் முன்பு சொன்ன 30 மாதத் தானியங்கித் தடைக்கு அவற்றைப் பயன்படுத்த முடியாது. வழக்கு எந்த மருந்தைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? வெள்ளைக்கோட்டு சொன்ன அதே சால்பியூட்டமால் பம்பு.

ஃபைல்தூக்கி:

ஒன்றை விட்டுவிட்டோம். பேட்டன்ட் முழுக்க செத்தாலும் இன்னொரு பூட்டு இருக்கலாம், சோதனைத் தரவுப் பாதுகாப்பு. ஒரிஜினல் கம்பெனி கொடுத்த சோதனை முடிவுகளை நம்பித்தான் ஜெனரிக்குக்கு அனுமதி. அந்த முடிவுகளை இத்தனை வருடம் யாரும் தொடக் கூடாது என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. அமெரிக்காவில் புது மூலக்கூறுக்கு 5 வருடம், அரிய நோய் மருந்து என்றால் 7 வருடத் தனி விற்பனை உரிமையே உண்டு. கனடாவில் ஒரு கூத்து நடந்தது. சர்க்கரைக்கும் எடைக் குறைப்புக்கும் என்று உலகமே ஓடி ஓடி வாங்கும் செமாக்ளூடைடுக்கு அங்கே இருந்த பேட்டன்ட், வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டதால் காலாவதியாகிவிட்டது. கட்டணம் சில நூறு டாலர்தான்! அப்படியும் மறுநாள் ஜெனரிக் வந்துவிடவில்லை, தரவுப் பாதுகாப்பு 2026 ஜனவரி வரை நின்றது.

கடைக்குட்டி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மூலக்கூறின் தேதியை விடுங்கள், உங்கள் பம்பின் பெயரைப் போட்டு எல்லா பேட்டன்ட்டையும் எடுத்துப் பாருங்கள். பேட்டன்ட் அலுவலக இணையதளங்களில் இலவசமாகவே தேடலாம், முதல் பக்கச் சுருக்கத்தைப் படித்தாலே எது மருந்து, எது பிளாஸ்டிக் என்று தெரிந்துவிடும்.

கடைக்குட்டி:

நேற்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். மருந்துடையது நான் வட்டம் போட்ட தேதியிலேயே முடிந்துவிட்டது, அதில் நான் தப்பு செய்யவில்லை. இன்னும் உயிரோடு இருப்பது இரண்டு. ஒன்று வால்வு பற்றியது, சரியாகப் புரியவில்லை. இன்னொன்றின் படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, பம்பின் முதுகில் மிச்சம் எத்தனை இழுப்பு என்று எண் காட்டும் சின்ன ஜன்னல் இருக்கிறதே, அது. அதற்குள் இருக்கும் பல்சக்கரத்துக்கு மட்டும் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்கள்.

அப்பாவிடம் படத்தைக் காட்டி, இதனால்தான் இன்னும் நாலு வருடம் காத்திருக்க வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்கே எண் இருக்கிறதா? நான் காதுக்குப் பக்கத்தில் குலுக்கித்தானே பார்ப்பேன்" என்கிறார்.

வெள்ளைக்கோட்டு:

குலுக்கிப் பார்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே வாயு மிச்சம் இருக்கும், சத்தமும் வரும், புஸ்ஸென்று அடிக்கவும் செய்யும். காசு கொடுத்து வாங்கிய ஜன்னல், அதையே பார்க்கட்டும்.